சும்மா ஒரு படம்

மார்ச் 12, புதன்

எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பொளக்குது. மார்பு எக்ஸ்ரே வண்டி நாளைக்கு உடன்குடி பக்கம். வீடு வீடாப் போய் பொம்பளையளைக் கூப்பிடுதது என் வேலை. வாங்கணும்: தண்ணி கேன், மறைப்புத் துணிக்கு ஊக்கு, எனக்கு செருப்பு (வார் அறுந்தாச்சு).

மார்புப் புற்றுநோய் இருக்கான்னு பாக்கன்னு சொன்னா ஒருத்தியும் வரமாட்டா. போன வருசம் ஒரு ஊர்ல சொல்லி, "வாயைக் கழுவுட்டி"ன்னு கதவைச் சாத்திட்டாவ. அதனால இப்பல்லாம், "சும்மா ஒரு படம் எடுப்பாவ, அஞ்சு நிமிசம்". அம்புட்டுதான்.

மார்ச் 13, வியாழன்

முப்பத்தோரு பேர்! ஆளுக்கொரு தாள் நிரப்பியே விரல் வலி. வண்டி டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோசம். கருப்பட்டி காய்ச்சுத தங்கபுஷ்பம் அக்கா கரிக்கையோட ஓடி வந்தாவ. மிஷின் நெருக்கவும், "சப்பாத்திக் கட்டையாட்டி இது?"ன்னு உள்ள இருந்தே சத்தம். வெளிய நின்னவியளுக்கு சிரிப்பு அடங்கல.

மதியம் சாப்பாடு இல்ல. மோர் மட்டும்.

மார்ச் 27, வியாழன்

ரிப்போர்ட் வந்தது. மூணு பேரை திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லணும். அதுல புஷ்பக்கா ஒண்ணு. அக்கா அடுப்பு போட்டிருக்க பனைவிளைக்குப் போனேன். ஒரே புகை.

"படந்தான் எடுத்தாச்சே?"

"இன்னொண்ணு எடுக்கணுமாம்க்கா."

"சரியா விழலையாக்கும். சீசன் முடியட்டும்ட்டி. ஒருநா அடுப்பை விட்டா பதனி புளிச்சிரும்லா."

சொல்லியிருக்கணும். தொண்டை வரைக்கும் வந்தது. கையில சூடா ஒரு சில்லு கருப்பட்டி வச்சாவ. "சீக்கிரம் வாங்கக்கா"ன்னுட்டு, தின்னுக்கிட்டே பஸ் ஏறிட்டேன். சீ.

மே 6, செவ்வாய்

லேசா தூத்தல். புஷ்பக்காவுக்கு மூணு தடவை போன். வீட்டுக்காரர்தான் எடுத்தார். "படந்தான? வருவா, வருவா." மத்த ரெண்டு பேரும் போய்ப் பாத்து, ஒண்ணுமில்லைன்னு வந்தாச்சு. அக்காவுக்கும் ஒண்ணும் இருக்காதுன்னு நானே சொல்லிக்கிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

அக்காவே கூப்பிட்டாவ. "ஏட்டி, கட்டி மாதிரி தட்டுப்படுது."

ஓடினேன். இன்னைக்குத்தான் அந்தப் பேரைச் சொன்னேன். அழுவாவன்னு நினைச்சேன். அழல.

"எங்க அம்மை இதுலதான் போனா. நீ அன்னைக்கே சொல்லிருந்தா அடுப்பை அவிச்சுட்டு வந்திருப்பேன்லா?"

பாவி நான். ஊர் பயப்படும்னு நானே முடிவு கட்டிக்கிட்டேன். பயந்தது நான்தான். கஞ்சிகூட இறங்கல.

ஜூன் 26, வியாழன்

திருநெல்வேலி. பஸ்ஸில நின்னுக்கிட்டே. ஊசி குத்தி சதை எடுத்தாச்சு. முடிவுக்குப் பத்து நாள். "மூணு மாசம் முந்தியே வந்திருக்கணும்மா"ன்னார் பெரிய டாக்டர். பிறகு எங்க முகாம் தாளைப் புரட்டினார்.

"உங்க அம்மாவுக்கு இருந்ததுன்னு சொல்றீங்க. குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னு இதுல இருக்கே. யார் எழுதினது?"

என் கையெழுத்து. அந்தக் கேள்வியை நான் யார்ட்டயும் கேக்கதே இல்ல. கேட்டா நோய்ப் பேரைச் சொல்லணுமே. "இல்லை"ன்னு நானே போட்டுருவேன். முப்பத்தோரு பேருக்கும் அப்படித்தான்.

அக்கா என்னைத் திரும்பிப் பாத்தாவ.

"நாந்தான் டாக்டர் மறந்துபோய்ச் சொல்லிட்டேன். பிள்ளைய ஏசாதீய."

நான் வாயைத் திறக்கல.