ஒன்பதாம் பிரிவின் அடைப்புக்குறி

மார்ச் 4, செவ்வாய்

ஐந்து நாடுகள் சேர்ந்து எழுதும் விண்வெளிக் கொள்கை ஒப்பந்தத்தின் வரைவு என் மேசையில் இருக்கிறது. யாராவது ஒருவருக்கு உடன்பாடில்லாத சொல்லைச் சதுர அடைப்புக்குள் போடுவது எங்கள் வழக்கம். முதல் பக்கத்தில் "விண்வெளி" மட்டும்தான் அடைப்புக்கு வெளியே இருக்கிறது. இந்த லட்சணத்துக்கு நான் வரைவுச் செயலாளர்.

என் வீட்டுக்காரர் கேட்கிறார்: "மொட்டைமாடியில துணி காயப்போடுற கொடிக்கே பக்கத்து வீட்டோட உன்னால ஒரு முடிவுக்கு வர முடியல. நீ ஆகாயத்துக்குச் சட்டம் எழுதப் போறியா?"

கொடி விவகாரம் மூன்றாம் ஆண்டில் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்பதாம் பிரிவு. ராக்கெட்டிலிருந்து கழலும் பாகம் எந்த நாட்டுக் கடலில் விழுமோ, அந்த நாட்டுக்கு இரண்டு நாள் முன்பே தகவல் சொல்ல வேண்டும். "இயன்றவரை" என்று சேர்க்கச் சொல்கிறார் எங்கள் இயக்குநர். ராக்கெட் எங்களுடையது. கடல், தீவு நாட்டுப் பிரதிநிதியுடையது. அவரை நாங்கள் தீவுக்காரம்மா என்போம்.

"போன வருஷம் உங்க தகடு விழுந்து ஒரு படகு போச்சு. மூணு பேர் திரும்பி வரல. இயன்றவரைன்னா, சொல்லாமலே இருக்கலாம்னுதான அர்த்தம்?" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. வாய் திறந்தேனா? திறந்தேன், தண்ணீர் குடிக்க.

மார்ச் 13, வியாழன்

தீவுக்காரம்மா இறங்கி வந்துவிட்டார். புயல் வருவதைக் காட்டும் செயற்கைக்கோள் படங்கள் எங்களிடம்தான் இருக்கின்றன, அவருக்கு வேறு வழியில்லை. "இயன்றவரை" இருக்கட்டும் என்று முடிவு. அடைப்புகளை நீக்கிச் சுத்தமான பிரதி எடுப்பது என் வேலை. நூற்றுப் பதினேழு அடைப்பு. கண்ணெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

மார்ச் 14, காலை

கையெழுத்துக்கு இரண்டு மணி நேரம். இப்போதுதான் பார்க்கிறேன் — ஒன்பதாம் பிரிவில் அடைப்போடு சேர்த்து உள்ளே இருந்த "இயன்றவரை" என்ற சொல்லையும் தூக்கியிருக்கிறேன். ஐயோ. எப்படி? யாரு பண்ணினது? நான்தான், வேற யாரு. அச்சாகி, தோல் அட்டை போட்டு, மேசையில வச்சாச்சு. வேலை போயிடும்.

அன்றே, மாலை

சொல்லிவிடத்தான் இயக்குநர் அறைக்குப் போனேன். போனில் யாரையோ வறுத்துக்கொண்டிருந்தார். கதவருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். மனசாட்சி தடுத்தது என்று எழுத ஆசைதான். பயம்.

நான்கு பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். தீவுக்காரம்மா மட்டும் ஒன்பதாம் பிரிவைப் புரட்டி வெகுநேரம் பார்த்தார்.

"பேனா இருக்கா?" என்று கேட்டார். கொடுத்தேன்.

ஜூன் 2

யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கொடியும் அப்படியே.

அக்டோபர் 21, செவ்வாய்

வியாழக்கிழமை ராக்கெட் கிளம்புகிறது. தீவுக்குத் தகவல் அனுப்பவா என்று இயக்குநரிடம் கேட்டேன்.

"அதான் இயன்றவரைன்னு இருக்கே. விடுங்க."

"கையெழுத்தான பிரதியில இல்ல சார். என் தப்பு." குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

பிரதியை வரவழைத்து இரண்டு தடவை படித்தார். "அனுப்பித் தொலைங்க. உங்கள அப்புறம் பாத்துக்கிறேன்."

அக்டோபர் 23, வியாழன்

ராக்கெட் போய்விட்டது. நான் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். "கவனக்குறைவால்" என்ற சொல்லைத் தாண்டவில்லை. அதற்குள் தீவுக்காரம்மாவிடமிருந்து எனக்குப் பதில்:

"பாகம் விழுந்தது. நாற்பத்தொரு படகுகளும் கரையில் இருந்தன. கையெழுத்துப் போட்ட அன்று என் பையிலேயே இரண்டு பேனா இருந்தது. யோசிக்க எனக்கு ஒரு நிமிடம் வேண்டியிருந்தது."