கையூன்றாமல்

என் கோபக்காரிக்கு,

டொலிடோவில் பனி இன்னும் விட்டபாடில்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது? என்னைச் சோபாவிலிருந்து தூக்கித் தூக்கியே பிடித்துக்கொண்ட முதுகு. "நீயா எந்திரிக்கிற வரைக்கும் இந்த வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்"னு மகள் வீட்டுக்குப் போனாய். அன்றிலிருந்து நாய்கூட என்னை மதிப்பதில்லை.

வலி கூடுமென்று நான் ஓடி ஒளிந்தேனே, அந்த முட்டிப் பயிற்சிக்கு இப்போது போகிறேன். சிரிக்காதே. முதல் நாள், உட்கார்ந்தபடி காலை நீட்டச் சொன்னார்கள். வீடு வீடாகக் கம்பளம் போடுகிற வேலையில், அதை இழுத்துப் பிடிக்கிற கட்டையை முட்டியால் இடித்து இடித்து வந்த பழக்கத்தில் வெடுக்கென்று உதைத்துவிட்டேன். பயிற்சி தருகிற லொரெயினின் காப்பி பறந்தது.

"ஐயோ, கம்பளமா போட வந்தீங்க? மெதுவா!"

"மெதுவாப் போற காலா இருந்தா இங்க ஏன் தாயி வர்றேன்?"

வலி போகவில்லை, குறைந்திருக்கிறது. நேற்று சோபாவிலிருந்து கையூன்றாமல் எழுந்தேன். பார்க்க நாய்தான் இருந்தது. அப்போதிலிருந்து வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்காருகிறேன்.

சாவி உன்னிடம் இருக்கிறது, தெரியும். இருந்தாலும் கதவைத் தட்டு. நானே எழுந்து வந்து திறக்கிறேன்.

இனி நீ தூக்க வேண்டாத,
உன் தடியன்