மாடிக்குக் கொஞ்சம் இடம்

ஆபா,

நம் கம்ப்யூட்டரில் ஒரு சிவப்புப் பட்டை. இத்தனை வருஷம் நீலமாக இருந்தது, போன வாரம் திடீரென்று சிவந்துவிட்டது. நீ பார்த்திருந்தால், "இன்னாடி, இதுக்கும் மருதாணி வச்சுட்டியா?" என்று கேட்டிருப்பாய். மருதாணி இல்லை, இடம் தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். புதிதாக எடுத்துவந்த கல்யாணம் இறங்க வழியில்லாமல் கேமராவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது, வேன் வராமல் மண்டப வாசலில் காத்துக்கிடக்கும் சம்பந்தி வீட்டார் மாதிரி.

மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து கீபோர்டு மேல் படுத்திருந்தது. பெட்டிக்குள் விசிறி சுற்றும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் சொருகும். சொருகினால் நீ வந்துவிடுவாய்.

ஷூ கம்பெனியில் நாம் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைத்த நாள்கள் முதலில் வரும். உன் மிஷின், அடுத்து என் மிஷின். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதால் உங்கள் வழக்கப்படி உன்னை ஆபா என்பேன். மரியாதை அதோடு சரி, மற்றபடி வா, போதான். அப்போதுதான் உன் தங்கை மகளுக்கு நிக்காஹ் வந்தது. பெண்கள் உட்காரும் மாடிக்கு ஆம்பிளை கேமராக்காரர் ஏறக்கூடாது என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நீ யாரிடமோ கேமராவை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாய்.

"நீதான் நல்லா ஒயரமா கீற. லைட்ட புடி."

"நான் அஞ்சாவதே முடிக்கல ஆபா."

"லைட்டு இன்னா உன்கிட்ட வாய்ப்பாடா கேக்கப்போவுது? புடிடி!"

பிடித்தேன். அதற்கப்புறம் ஆம்பூரில் எந்த மண்டபத்து மாடிப்படியும் நம் காலுக்குப் பழக்கம்.

பிறகு கம்ப்யூட்டர் வாங்கினாய். அதன் டிஸ்க்கை நடுவில் சுவர் வைத்தமாதிரி இரண்டாகப் பிரித்தாய். ஆண்கள் பக்கத்து வீடியோவுக்கு ஒன்று, பெண்கள் பக்கத்துக்கு ஒன்று. கீழே எடுக்கும் கேமராக்காரர் தன்னுடையதையும் நம்மிடமே கொண்டுவந்து கொடுப்பார், எல்லாம் சேர்த்து வெட்டி ஒட்டித் தரச் சொல்லி. அவர்கள் எடுத்ததை நாம் பார்க்கலாம், நாம் எடுத்ததை அவர்கள் பார்க்கக் கூடாது. உலகத்தில் நமக்குச் சாதகமாக இருந்த ஒரே சட்டம் அதுதான் என்று சிரிப்பாய். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதற்காக, உருது மட்டுமே எழுதப் பழகிய நீ ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, ஒன்றுக்கு 'மாடி' என்றும் இன்னொன்றுக்கு 'கீழ்' என்றும் தமிழிலேயே பெயர் வைத்தாய்.

கீழுக்கு முக்கால் இடம், மாடிக்குக் கால். ஏன் என்று சண்டை போட்டேன். "ஆம்பளைங்க வீடியோ ஜாஸ்தி வரும்டி. கட்டிப்புடிக்கிறதுக்கே ஒரு மணி நேரம் ஆவுது அவங்களுக்கு" என்றாய்.

ஒவ்வொரு பெண்ணின் அம்மாவிடமும் நீ ஒரு வாக்குக் கொடுப்பாய். "மாடி எங்கயும் போவாது மா. இந்தப் பொட்டியிலயே பொறந்து இதுலயே முடியும்." வீடியோவை வீட்டில் கொடுத்து, அவர்கள் பார்த்துத் திருப்தி என்று சொன்னதும் நம்மிடம் இருப்பதை அழித்துவிடுவாய். "அடுத்த பொண்ணு வாசல்ல நிக்குதுடி, நாற்காலிய காலி பண்ணு."

நீ படுக்கையில் விழுந்ததிலிருந்து நான் எதையும் அழிக்கவில்லை ஆபா. போன மழைக்காலத்தில் நீ போன பிறகு சுத்தமாகக் கையே வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நீ ஒரு போட்டோவுக்கும் நின்றதில்லை. 'என் மூஞ்சி எனக்கே பேஜாரு, ஊருக்கு எதுக்கு?' என்பாய். ஆனால் நீ எடுத்த மாடி வீடியோ எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பின்னாலிருந்து நீ பேசிக்கொண்டே இருக்கிறாய். அதைவிட்டால் நீ இருந்ததற்கு என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

இந்த நினைப்பிலேயே இருந்தபோது, புதுக் கல்யாணப் பெண்ணின் அம்மா வந்துவிட்டார். எதை வைக்கலாம், எதை வெட்டலாம் என்று சொல்ல வீட்டுப் பெண் ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருவது நாம் வைத்த பழக்கம்தானே. சிவப்புப் பட்டையைக் காட்டினேன்.

"பழசெல்லாம் அழிச்சுட்டா போச்சு. இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றார்.

அவருடைய மூத்த மகளின் கல்யாணம் உள்ளே இருந்தது, நீ எடுத்த கடைசிக் கல்யாணங்களில் ஒன்று. அதைத் திறந்துவிட்டேன். பெண் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். உன் குரல் கிசுகிசுக்கிறது: "சிரி மா... அவ்ளோ வேணாம், கம்மி பண்ணு. அந்தப் பக்கம் ஒருத்தி பல்ல எண்ணிக்கினு கீறா."

அந்த அம்மா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். "எங்க சம்பந்தியத்தானே சொல்றா! அல்லா, அவளேதான்!" சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "எங்க வூட்டுது இருக்கட்டும். மத்தவங்களுக்கு நான் சொல்ல முடியாது. நீ கேட்டுக்க."

கேட்கும் வரைக்குமாவது அழியாமல் இருக்க வேண்டும். அப்படியென்றால் மாடியைப் பெரிதாக்கியாக வேண்டும். முதலில் நானே கீழை இழுத்துச் சுருக்கினேன். ஓரத்தில் கறுப்பாக ஒரு காலி இடம் வந்தது. ஆனால் மாடியை நீட்டும் பொத்தான் மட்டும் சாம்பல் பூசினமாதிரி செத்துக் கிடந்தது. சத்துவாச்சாரியில் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டு, மாடி, கீழ், கறுப்பு என்று திரையில் தெரிவதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"பொட்டிய எடுத்துட்டு வந்துடுங்கக்கா, பத்து நிமிஷ வேலை."

"வராதுப்பா. உள்ள பொம்பளைங்க இருக்காங்க."

"நான் எதையும் பாக்க மாட்டேன்கா."

"நீ பாக்க மாட்ட. உன் கடையில நிக்கிற மத்தவங்க கண்ணுக்கு யாரு ஜவாப்தாரி?"

அவர் சிரித்துவிட்டு விளக்கினார். "காலி இடம் மாடிக்குப் பக்கத்துல ஒட்டினாப்புல இருக்கணும்கா. உங்களுது கீழுக்கு அந்தாண்ட போய் நிக்குது. நடுவுல கீழ் உக்காந்திருக்கு. அதுல இருக்கிறத வெளிய ஒரு டிஸ்க்குல எடுத்து வச்சுட்டு, கீழையே மொத்தமா எடுத்துடுங்க. மாடிய நீட்டிட்டு, மிச்ச இடத்துல புதுசா ஒரு கீழ் போட்டுக்கலாம்."

"ஆம்பளைங்கள வெளிய அனுப்பிட்டுச் சுவத்த இடிக்கச் சொல்ற."

"அதேதான்கா. ஆனா மாடிக்கும் ஒரு காப்பி எடுத்து வச்சுட்டுத் தொடுங்க. கை தவறினா, கரண்ட் போனா, எல்லாம் போய்டும்."

காப்பி எடுக்க முடியாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்ல? உன் வாக்கு மாடியை அந்தப் பெட்டியோடு கட்டிப்போட்டிருந்தது. கீழே எடுக்கும் கேமராக்காரரிடம் வெளி டிஸ்க் ஒன்றைக் கடன் வாங்கி, ஆண்கள் பக்கத்தை மட்டும் அதில் ஏற்ற ஆரம்பித்தேன். அது முடிய வெகுநேரம் ஆகும் போலிருந்தது. அம்மாவும் நானும் டீயைக் குடித்துவிட்டுப் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அந்த அரைத் தூக்கம். ஒரு மண்டபம், ஊரில் உள்ள எல்லா மண்டபங்களும் ஒன்றாகக் கலந்தமாதிரி. கீழ்த் தளத்திலிருந்து ஷெர்வானி போட்டவர்கள் ஒவ்வொருவராக, ஆளுக்கொரு நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே போகிறார்கள். மாப்பிள்ளைகளும் போகிறார்கள், கழுத்து மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் வழியெல்லாம் உதிர்கின்றன. கடைசியாகப் போனவர் விளக்கை அணைக்காமல் போனார். மேலே மாடிப்படியில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்று எட்டிப் பார்க்கிறார்கள். சரிகைத் துணியெல்லாம் தண்ணீர் மாதிரி அசைகிறது. நீ எங்கேயோ அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இருக்கிறாய். முகம் தெரியவில்லை. 'எறங்குங்கம்மா, காலியாத்தான் கீது' என்கிறாய்.

"ஏய், நின்னுடுச்சு பாரு" என்று அம்மா என் தோளைத் தட்டினார்.

வெளி டிஸ்க்கைத் திறந்து, ஆண்கள் எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று நாலைந்தைப் போட்டுப் பார்த்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு திரையில் இரண்டு பெட்டிகள், அடுத்தடுத்து. ஒன்றை எடுத்துவிட வேண்டும். தவறி மற்றதைத் தொட்டால் நீ இல்லை. இங்கிலீஷில் ஒரு எச்சரிக்கை குதித்தது. எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் பெட்டியின் தலையில் நீ தட்டிய எழுத்து இருந்தது. கீ, ழ், என்று எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். அம்மாவும் கூடவே படித்தார். ஒரு முறை போதாது என்று மறுபடியும் படித்தோம். "பிஸ்மில்லா" என்றார் அவர். "முருகா" என்றேன் நான். அமுக்கினேன்.

கீழ் போய்விட்டது. இருந்த இடமெல்லாம் கறுப்பு. மாடியின் மேல் மவுஸை வைத்துத் தட்டினேன், செத்துக் கிடந்த பொத்தானுக்கு உயிர் வந்திருந்தது. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை, மாடி நீண்டு பரவியது. சிவப்பு போய் நீலம். உள்ளே போய்ப் பார்த்தேன், நீ பேசிக்கொண்டுதான் இருந்தாய். மிச்ச இடத்தில் புதிதாக ஒரு கீழ் போட்டேன். இப்போது முக்கால் நமக்கு, கால் அவர்களுக்கு. அவ்வளவு பெரிய நீலத்தை நான் பார்த்ததே இல்லை ஆபா, பாலாற்றில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்த அன்று பாலத்தில் நின்றமாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போகிறேன், கேட்க. சில வீடுகளில் இருக்கட்டும் என்றார்கள், கூடவே சேமியாவும் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் அந்தப் பெண்ணே வந்து, "அழிச்சுடுங்கக்கா, அந்தக் கல்யாணமே இப்ப இல்ல" என்றாள். இடம் இருக்கிறதே என்று நான் வாயைத் திறக்கவில்லை. இடம் என்னுடையது, முகம் அவளுடையது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, அதில் உன் குரலைக் கடைசியாக ஒரு முறை கேட்டுவிட்டு அழித்தேன்.

அதில் நடுவே நீ கேமராவை நாற்காலியில் வைத்திருக்கிறாய், அணைக்க மறந்து. தரை விரிப்பும் பத்துப் பதினைந்து பாதங்களும் தெரிகின்றன. நீ என்னிடம் சொல்கிறாய்: "எவ்ளோ நேரம் நிப்ப? போய் சாப்டு, பிரியாணி தீந்துடும். லைட்ட இங்க குடு. ரெண்டையும் நான் புடிச்சுக்கறேன்."

இனி அது வேறெங்கும் இல்லை, என் காதில்தான் இருக்கிறது. இப்போது ரெண்டையும் நான்தான் பிடிக்கிறேன் ஆபா. கை கடுக்கிறது. பிரியாணியை மட்டும் விடுவதில்லை.