அம்மா சாகாத படம்

டிசம்பர் 9, சனி

காலையிலிருந்து தூறல். பாலுவின் ஸ்கூல் சட்டை மூன்றாவது நாளாகக் காயவில்லை. ஈரத்தோடு இஸ்திரி போட்டதில் வீடெல்லாம் ஒரு வாடை.

அரையாண்டுப் பரீட்சை அட்டவணை வந்துவிட்டது. உமா எட்டாவது, 22 வரை. பாலு மூன்றாவது, 21 வரை. பாலு கேட்டான்: "பரீச்சை முடிஞ்சதும் வாடகைக்கு வீடியோ டெக் எடுக்கலாமாப்பா? நம்ம வீட்லயே போட்டுப் பாக்கலாமா?" சரி என்றேன். 24, ஞாயிறு. காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டான்.

பிறகுதான் யோசனை. எந்தப் படம்? சரோஜா இருந்தவரை இது என் இலாகா இல்லை. குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக் பெண்களோடு மேட்னி போய் முதலில் அவள் பார்ப்பாள். ராத்திரி சோறு போடும்போது தீர்ப்பு. "பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போலாம்." இல்லையென்றால், "வேணாம், நீங்க மட்டும் போய் அசிங்கமா உக்காந்துட்டு வாங்க." நான் எதிர்த்துப் பேசியதில்லை.

ஏப்ரலில் போய்விட்டாள். மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் பதினேழு நாள். காரியம் முடிந்த அன்று சாயங்காலம் பிள்ளைகள் இரண்டையும் உட்காரவைத்துச் சொன்னேன், இனிமேல் இந்த வீட்டில் யாரும் அழக்கூடாது என்று. போட்டோவையும் மாட்டவில்லை, பீரோவில் வைத்துவிட்டேன். கேட்டுக்கொண்டார்கள். எட்டு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நல்ல பிள்ளைகள்.

அதனால் படம் சிரிப்புப் படமாக இருக்க வேண்டும். அம்மா சாகக் கூடாது. மூன்று பேரும் ஒரு பகல் சேர்ந்து சிரித்தால் போதும். வேறொன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 11, திங்கள்

மழை விட்டது. ரோடு முழுக்கச் சேறு. வேலை முடிந்து ஸ்டேஷன் பக்கம் இருக்கும் வீடியோ கடைக்குப் போனேன்.

"ஃபேமிலியா உக்காந்து பாக்கணும், அவ்ளோதானே சார்? எக்கச்சக்கமா கீது. இன்னா மாரி வேணும், சொல்லு."

"அம்மா சாகாத படம்."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் பேஜாரா கீது! ஆத்தா செத்தாதானே சார் கதையே ஸ்டார்ட் ஆவுது? அப்பதான் லேடீஸு கர்ச்சீப்பு எட்துகினு வருவாங்க." கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கேசட் பெயர்களைப் படித்துப் பார்த்ததில் ஒன்றும் விளங்கவில்லை. அட்டையைப் பார்த்து எது யாரைச் சாகடிக்கும் என்று எப்படித் தெரியும்.

ஆலையில் என் வேலையே சோதனைதான். வருகிற பாகத்தை அளந்து பார்த்து, சரி என்றால் பச்சைப் புள்ளி, இல்லையென்றால் சிவப்பு. படத்தையும் அப்படித்தான் செய்தாக வேண்டும். பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவது.

கீழ் வீட்டுப் பேச்சியம்மாளிடம் டெக் இருக்கிறது, தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது. ஸ்கூல் விட்டால் நான் வரும்வரை பிள்ளைகள் அவள் வீட்டில்தான். "இங்கயே வந்து பாருங்களேன் அண்ணாச்சி" என்கிறாள். நல்ல மனசு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே பத்துப் பேர் கூடுவார்கள். படத்தைப் பார்க்க மாட்டார்கள், எங்களைப் பார்ப்பார்கள்.

டிசம்பர் 13, புதன்

அரை நாள் சி.எல். (மீதி மூன்றரை.) அம்பத்தூரில் மேட்னி. நாய்ப் படம். போஸ்டரில் நாய்க்குக் கூலிங் கிளாஸ். குழந்தைகளுக்கென்றே எடுத்தது என்று நம்பிப் போனேன்.

பெயர் போடும் முன்பே அம்மாவை லாரி அடித்துவிட்டது. கடலைப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை. மிச்சப் படம் முழுக்க அந்த நாய் அவள் போட்டோவுக்கு மாலை போடுகிறது. சிவப்பு.

திரும்பும்போது ரயிலில் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஆலையில் எங்கள் ஷாப் ஆட்கள்தான். "லீவு போட்டு மேட்னி பாக்கறாருபா. எட்டே மாசம். ஜாலியா கீறாரு." திரும்பிப் பார்க்கவில்லை. ஆவடி வந்ததும் இறங்கினேன்.

உமா ரசம் வைத்திருந்தாள். உப்பு இல்லை. சொல்லவில்லை.

டிசம்பர் 16, சனி

பூந்தமல்லி. அம்மன் படம். சாமி படத்தில் யாரைக் கொல்லப்போகிறார்கள் என்று தைரியமாகப் போனேன். குமணன்சாவடியில் பஸ் அரை மணி நேரம் நின்றதில் ஆரம்பம் போய்விட்டது.

இடைவேளைக்கு முன் பாம்பு கடித்து அம்மா சாகிறாள். சின்னப் பெண் அவள் புடவையைத் தலைவரை போர்த்திக்கொண்டு படுக்கிறது. அவ்வளவுதான் காட்சி. எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்து சீட்டு அம்மாவும் அழுதுகொண்டிருந்தார். தன் முந்தானை நுனியால் மூக்கைத் துடைத்துவிட்டு, "சாமி படம்னா அப்டித்தான் சார். நல்லா அழுதுடு" என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்று தோசை தின்றேன். ஏப்ரலுக்குப் பிறகு இன்றைக்குத்தான் பசித்தது. பேச்சியம்மாள் மாடிப்படியில் பார்த்து, "கண்ணு ஏன் செவந்திருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள். பஸ்ஸில் தூசி என்றேன்.

படம் சிவப்பு.

டிசம்பர் 19, செவ்வாய்

வெயில். இரண்டு நாளாக வேலை முடிந்ததும் வீடியோ கடையில்தான். கடைக்காரருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். உள்ளே போனதும் எழுந்து நின்றார். "அண்ணி மேட்டர் எனக்குத் தெரியாது சார். அன்னிக்குத் தமாஷ் பண்ட்டேன். மன்ச்சுக்கோ." ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு கேசட்டாகப் போட்டு ஓட்டிக் காட்டினார்.

அண்ணன் தங்கைப் படம்: அம்மா பிரசவத்தில்.
பண்ணையார் படம்: அம்மா கிணற்றில்.
பேய்ப் படம்: பேயே அம்மாதான்.
மந்திரப் படம்: சாகவில்லை, கிளியாக மாறிவிடுகிறாள், கடைசியில் திரும்பி வருகிறாள். இதுதான் எல்லாவற்றையும்விட மோசம். பாலு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

ஐந்தாவதில் கிடைத்தது. இரண்டு பேர் கல்யாணம் ஆனதாகப் பொய் சொல்லி வாடகை வீடு பிடிக்கிற கதை. கதாநாயகனுக்கு அம்மா உண்டு. துடைப்பத்தோடு துரத்துகிறாள், ஒரு பாட்டுக்கு ஆடுகிறாள், சுபம் போடும்வரை திடமாக இருக்கிறாள். கடைக்காரரும் நானும் கடைசி வரை ஓட்டிப் பார்த்தோம். "இத்தப் பாரு சார், கல்லாட்டம் கீது கெய்வி." பச்சை.

சரோஜா, ஒரு படம் தேட எனக்குப் பத்து நாள் ஆயிற்று. நீ எப்படிச் செய்தாய்.

டிசம்பர் 22, வெள்ளி

பரீட்சை முடிந்தது. உமாவுக்குக் கணக்கு சுமார்.

பிள்ளைகளை அழைத்துவரக் கீழே போனேன். பேச்சியம்மாள் மட்டும் வாசலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை டெக் வருகிறது, சிரிப்புப் படம் என்று சொன்னேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அண்ணாச்சி, கோவப்படக் கூடாது. ரெண்டு பிள்ளையளும் இங்க ஒரே படத்தத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுதுவ. ஏழு தடவ ஆயிட்டு."

"என்ன படம்?"

"தாய் சாவுத படம். சாவுத எடம் வந்ததும் ரெண்டும் கட்டிப் பிடிச்சிட்டு அழும். நான் நிறுத்தப் போனா உமா விடமாட்டா. உங்கட்ட சொல்லாதீங்கன்னு கையப் பிடிச்சிக் கேட்டா. அதான் சொல்லல."

பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டேன். மேலே வந்து பைப்பைத் திறந்து குடம் நிரம்பி வழியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நான் ஊர் ஊராகப் போய் எதை வடிகட்டினேனோ அதை ஒரு மாடி கீழே உட்கார்ந்து ஏழு தடவை பார்த்திருக்கிறார்கள். கோபம்தான் முதலில். பிறகு கோபமும் இல்லை.

டிசம்பர் 23, சனி

ரேஷன் கடை. மண்ணெண்ணெய் வரிசை பெரிது. உமாவைக் கூட்டிப் போனேன், பாலுவை விட்டுவிட்டு. வரிசையில் நிற்கும்போது கேட்டேன். திட்டுவதற்குக் கேட்கவில்லை என்றும் சொன்னேன்.

கேனைக் காலால் நகர்த்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அங்கன்னா அழலாம்பா. படத்துக்கு அழறோம்னு நினைச்சுப்பாங்க. முடிஞ்சதும் மூஞ்சி கழுவிட்டு வந்துடுவோம், நீங்க வர்றதுக்குள்ள."

"வீட்ல ஏம்மா அழல?"

"நீங்கதானே அழக்கூடாதுன்னு சொன்னீங்க."

முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். வரிசை நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். பூந்தமல்லியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்ட அந்த அம்மா, யாரென்றே தெரியாத என்னிடம் நல்லா அழுதுடு என்றார். நான் என் பிள்ளைகளிடம் அதைச் சொல்லவில்லை. அழாதே என்றேன். அவர்கள் அழுகைக்கு வேறு வீடு தேடிப் போயிருக்கிறார்கள். செருப்பால் அடித்தாலும் தகும் எனக்கு.

சாயங்காலம் கீழே போய்ப் பேச்சியம்மாளிடம் அந்தக் கேசட்டைக் கேட்டு வாங்கி வந்தேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

டெக் பத்து மணிக்கு வந்தது. முதலில் சிரிப்புப் படம். பாலு துடைப்பக் காட்சியில் சிரித்தான். சிரித்துவிட்டு உடனே என் முகத்தைப் பார்த்தான். உமாவும் அப்படித்தான். நான் சிரிக்கிறேனா என்று பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்காகச் சிரித்தார்கள். பத்து நாள் தேடிய படம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சியம்மாளின் கேசட்டை எடுத்து வைத்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "போடலாம்" என்றேன். "நானும் பாக்கறேன்."

குவார்ட்டர்ஸில் எல்லா அப்பாக்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகளோடு பார்க்கக் கூடாத காட்சி வந்தால் தண்ணீர் கேட்போம். பிள்ளை எழுந்து போய் வருவதற்குள் காட்சி போய்விடும். அம்மா படுக்கையில் விழுந்ததும் என் வாய் தானாக, "உமா, தண்ணி கொண்டா" என்றது.

உமா எழுந்திருக்கவில்லை. "நீங்க போய்க் குடிங்கப்பா. நாங்க பாக்கணும்."

நான் போகவில்லை. அந்த அம்மா சாவதற்கு முன் ரொம்ப நேரம் பேசினாள். மகளிடம் ஒன்று, மகனிடம் ஒன்று, புருஷனிடம் ஒன்று. பேசி முடித்துத்தான் கண்ணை மூடினாள். மூன்று பேரும் அழுதோம். பாலு என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான்:

"நம்ம அம்மா என்னப்பா சொன்னாங்க?"

"நான் அப்ப அங்க இல்லடா. மருந்து வாங்கப் போயிருந்தேன்." எல்லாரிடமும் சொல்வதுதான்.

"நான் இருந்தேன்" என்றாள் உமா.

இருந்தாள். அன்று அவளைத்தான் கட்டில் பக்கம் உட்காரவைத்துவிட்டுப் போனேன். இதுவரை ஒரு நாள்கூட நான் அவளைக் கேட்கவில்லை.

"ஒண்ணும் சொல்லல பாலு. குளிருது, ஃபேன நிறுத்துடின்னாங்க. ஸ்விட்ச் வார்டு அந்தக் கோடில இருந்துச்சு. நிறுத்திட்டுத் திரும்பினேன். நர்ஸ் ஓடி வந்துட்டாங்க." பிறகு டிவியைக் காட்டினாள். "இந்தப் படத்துல அந்தப் பொண்ணு அம்மா கையப் புடிச்சிட்டே இருக்கும்பா. விடவே விடாது. நான் ஸ்விட்ச்கிட்ட இருந்தேன்."

பதிமூன்று வயது. எட்டு மாதம்.

அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அம்மா கேட்டதை நீ செய்தாய், அவளுக்குக் குளிர் விட்டிருக்கும் என்று சொன்னேன். அதை அவள் நம்பினாளா தெரியாது. தலையை ஆட்டினாள்.

டிசம்பர் 25, திங்கள்

விடுமுறை. நல்ல வெயில். காலையில் டெக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன். பாலு கீழே விளையாடப் போய்விட்டான். உமா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன்.

அவள் நேற்று அவ்வளவு சொன்ன பிறகு நான் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

"உமா, அன்னிக்கு நான் மருந்துக் கடைக்குப் போகலம்மா. சீட்டு சட்டைப் பையிலயே இருந்துச்சு. எதிர்ல டீக்கடையில உக்காந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குள்ள திரும்ப வர மனசு வரல. அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன்."

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"தெரியும்பா" என்றாள். வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்படித் தெரியும்?"

"திரும்பி வரும்போது உங்க கையில மருந்து இல்ல, பன்னுதான் இருந்துச்சு. எனக்குன்னு வாங்கிட்டு வந்தீங்க."

பன் வாங்கியது எனக்கு ஞாபகமே இல்லை.