கிழித்துக் கொடுத்த விடைப்பக்கங்கள்

ஜூன் 3

என் பட்டாசுக்கு,

முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி சுகம். கையில் இருந்தால் பார்த்துவிடுவேன் என்று நீ பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுத்த விடைப்பக்கங்கள் என் தலையணைக்கு அடியில் பத்திரம். உங்கப்பாவுக்குக்கூடக் காட்டுவதில்லை.

நீ அனுப்பிய மூன்றாம் மாதிரித் தேர்வைத் திருத்திவிட்டேன். ஏழாவது தப்பு. கேள்வி என்னவோ, எனக்குத் தெரியாது. நீ பி போட்டிருக்கிறாய், இதில் டி இருக்கிறது. போனில் சொல் என்கிறாய். போனில் பியும் டியும் என் காதுக்கு ஒன்றுதான். தபாலே நல்லது.

கீழ்வீட்டுத் தையல்காரியிடம், "என் பேத்தியோட இங்கிலீஷ் பரீட்சைய நான்தான் திருத்துறேன்" என்றேன். அன்றிலிருந்து "டீச்சரம்மா" என்கிறாள். சொல்லட்டும்!

உன் பெரியப்பா மறுபடி தன் வீட்டோடு வந்திருக்கக் கூப்பிட்டான். பேத்தி இந்தப் பரீட்சை எழுதி நம் தெரு பாங்கிலேயே வேலைக்கு வரப்போகிறாள், நான் எங்கேயும் வருவதாயில்லை என்று சொல்லிவிட்டேன். எனக்கென்று வைத்திருந்த அறையை வாடகைக்கு விடப்போகிறானாம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் பாட்டி

ஜூன் 9

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

ஏழாவதில் வசமாக மாட்டிக்கொண்டேன் பாட்டி. எழுவாய் ஒருமை. அதற்கும் வினைக்கும் நடுவில் பன்மைச் சொற்களாகத் திணித்திருந்தார்கள். அதில் மயங்கி வினையையும் பன்மையாக்கிவிட்டேன். நடுவில் இருப்பதை விரலால் மறைத்துவிட்டுப் படி என்கிறார் இங்கே எங்கள் கோச்சிங் சார்.

நான்காம் தேர்வுக்கு நான் போட்ட விடைகள் பின்பக்கத்தில். கறாராகத் திருத்து. வேலை கிடைத்ததும் மதியச் சாப்பாட்டுக்கு உன்னிடம் ஓடிவருவேன்.

உன் பட்டாசு

ஜூன் 16

பேத்திக்கு,

நேற்றுத் தையல்காரி மாடியேறி வந்தாள். கையில் கனத்த கோட்டு.

"டீச்சரம்மா, அந்த ஊர்க் குளிருக்கு இது தாங்குமான்னு உங்க மருமகளக் கேளுங்க."

"யாருக்குடி கோட்டு?"

"பேத்திக்குத்தான்."

"நாலு கடை தள்ளி இருக்கிற பாங்குக்கு எதுக்குடி கோட்டு?"

அவள் முகம் போன போக்கிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை உங்கம்மா சொன்னாள். இது வெளிநாட்டுப் படிப்புக்கான பரீட்சை. பாங்குப் பரீட்சைக்கு நீ மனுவே போடவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, கோட்டுக்குப் பொத்தான் தைக்கிறவளுக்குக்கூட.

படிக்கப் போகிறேன் என்றால் கட்டியா வைத்திருப்பேன்? எதற்கென்றே தெரியாமல் உன்னை வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன், சிவப்புப் பேனாவும் கையுமாக.

நான்காம் தேர்வு இத்துடன். மூன்று தப்பு.

பாட்டி

ஜூன் 20

பாட்டி,

சொல்லத்தான் நினைத்தேன். உன் முகம் வாடினால் எனக்குப் படிப்பே ஓடாது. அதனால்தான் பாங்கு என்று சொல்லிவைத்தேன். ரெண்டே வருஷம், முடிந்ததும் உன்னிடமே வந்துவிடுவேன்.

கடைசித் தேர்வை அனுப்புகிறேன். வேறு யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை. கீழே ஒரே ஒரு வரி, 'போயிட்டு வா'ன்னு எழுது பாட்டி.

உன் பட்டாசு

ஜூன் 25

பேத்திக்கு,

திருத்திவிட்டேன். பத்தொன்பதாவது மட்டும் தப்பு. எல்லாவற்றையும் குளறுபடி பண்ணி அனுப்பினால் என்ன என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை.

விடைப்பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். இனி நீயே பார்த்துக்கொள்.

பெரியப்பா வீட்டு அறையில் யாரோ குடிவந்தாயிற்று. அதனால் நான் இங்கேதான் இருப்பேன், யாருடைய மதியச் சாப்பாட்டுக்கும் காத்திருக்காமல்.

ஒரு வரி கேட்டிருக்கிறாய். இத்தனை நாளில் உன் தப்பு எதற்கும் நான் சரி போட்டதில்லை. இதற்கும் போடமாட்டேன்.

பாட்டி