பத்தொன்பதாம் தேதிக்கு முன்னால்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு சுகம், மனசுதான் சுகமில்லை. நீ நலமா என்று இந்தத் தடவை என் கையாலேயே கேட்கிறேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன், பக்கத்துவீட்டுத் தையல் அத்தை இல்லை. ஏழு மாதமாக நூலகத்து வகுப்புக்குப் போகிறேன், இந்த வயதில் வாத்தியாரிடம் சபாஷ் வாங்குகிறேன், பஸ் பலகையெல்லாம் சத்தமாகப் படித்து அம்மாவிடம் திட்டும் வாங்குகிறேன். சொல்லாமல் வைத்திருந்து உன்னை அசத்த நினைத்தேன்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. அத்தையிடம் எடுத்துப் போக இருந்த அம்மாவைப் பிடித்து, நம் கடை முடிவெட்டும் நாற்காலியில் ராணி மாதிரி உட்காரவைத்து நானே பிரித்தேன். மூன்றாவது வரியில் இதை அத்தை அம்மாவுக்கு மட்டும் படித்துச் சொல்லட்டும், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், அது புரிவதற்குள் அடுத்த வரியும் வாயில் வந்துவிட்டது. மடித்து வைக்கப் போனேன். நிறுத்தாதீங்க, என் பிள்ளைக்கு என்னமோ, படிங்க என்று அம்மா கத்தினாள். படித்தேன். நான் அசிங்கமாகப் பிறந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியைப் படிக்க எனக்கு எவ்வளவு நேரமானது தெரியுமா. கீழே பெண்ணுறுப்பின் உள் இதழ்கள் நீளமாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, கறுப்பாக இருக்கின்றன என்றும், அழகு சிகிச்சை விளம்பரப் படத்தில் உள்ள மாதிரி வெட்டிச் சரிசெய்யப் பத்தொன்பதாம் தேதி குறித்தாகிவிட்டது என்றும் எழுதியிருந்தாய். படித்து முடித்துத் தலையைத் தூக்கினால் அம்மா அழுகிறாள். எனக்கும் அப்படியேதாங்க, நோய்னு நெனச்சு இத்தனை வருசம் யார்கிட்டயும் வாயத் திறக்கல என்றாள். கூடவே வாழ்கிறவன், எனக்கு அவள் பயம் தெரியவே இல்லை அம்மாடி.

மறுநாளே நம் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் போனோம். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். வந்து அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முகம் ஆளுக்கு ஆள் மாறுகிற மாதிரி அதுவும் மாறுமாம். உள் இதழ் வெளியே தெரிவது, இரண்டும் ஒரே அளவில் இல்லாதது, நிறம் கறுத்திருப்பது எல்லாமே சாதாரணமாம். வலி, அரிப்பு, புண், கட்டி, மாதவிலக்கு இல்லாதபோது ரத்தம் இப்படி ஏதாவது இருந்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டுமாம், உட்கார நடக்க உரசி வலித்தாலும் சொல்ல வேண்டுமாம், அதற்கும் முதலில் கத்தி இல்லாத வழியைத்தான் பார்ப்பார்களாம். வெட்டினால் தழும்பும் வலியும் வரலாம், உணர்ச்சி குறையலாம், வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாதாம்.

நான் கத்தி பிடித்துப் பிழைத்தவன். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் தும்மினார், காது மடலில் ஒரு துணுக்குப் போய்விட்டது, இன்றும் அவரைத் தெருவில் பார்த்தால் என் கண் காதுக்குத்தான் போகும். எத்தனையோ தலை பிடித்துவிட்டேன், ஒரே ஆளின் இரண்டு காதும் ஒரே மாதிரி இருந்து நான் பார்த்ததில்லை, கிருதாவைச் சமமாக நிறுத்த நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். அந்த விளம்பரக்காரன் ஒரே ஒரு காதைப் படம்பிடித்து ஊரில் உள்ள காதையெல்லாம் கோணல் என்கிறான்.

போனில் அம்மா கேட்டால் ஒன்றுமில்லை என்று வைத்துவிடுகிறாய். அதட்ட மாட்டேன், உடம்பு உன்னுடையது. பணம் கட்டச் சொல்லும் இடத்தில் கேட்காமல், வேறொரு பெண் டாக்டரிடம் ஒரு தடவை காட்டு, அதுவரை தேதியைத் தள்ளிப் போடு. அம்மா டிக்கெட் எடுத்துவிட்டாள், பதினேழாம் தேதி காலை உன் வாசலில் நிற்பாள். என்னிடம் இதைப் பற்றி நீ பேச வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். அவளும் நானும் ஒரே அச்சுன்னு பெருசா எழுதுங்க என்று அம்மா பக்கத்தில் நின்று மிரட்டுகிறாள், பெரிதாக எழுதிவிட்டேன்.

உடம்பில் ஒரு கீறல் படாமல் நூறு வயது இரு. கதவைத் திற, அவளுக்கு உன் ஊரில் வேறு யாரையும் தெரியாது.

கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்,
உன் அப்பா