மூன்று கட்டத்துக்கு எட்டு கிராம்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் அடித்தால் உன் அப்பா பாதிச் சவரத்தோடு ஓடி வந்து பக்கத்தில் நின்று காதைக் கொடுப்பார். அதுவும் போக, நீ அம்மா என்று ஒரு இழு இழுத்தால் என் கோபம் போன இடம் தெரியாது. இந்தத் தடவை எனக்கு அந்தக் கோபம் வேண்டும்.

உன் தம்பிக்குக் கிடங்கில் பகல் வேலை கொடுத்துவிட்டார்கள், இப்போதுதான் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரி திரைச்சீலையை மறுபடியும் திருப்பிக் கொண்டுவந்து நிறம் பிடிக்கவில்லை என்கிறாள், துணி அவள் எடுத்தது, நிறத்துக்குத் தையல்காரி என்ன செய்வாள். அப்புறம், அப்பாவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆமாம், நம் அப்பாவைத்தான். வருஷா வருஷம் பணிமனையில் நடக்கிற உடல் சோதனையில் ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது, கண்ணிலும் அதன் தடம் தெரிகிறது, இந்த உடம்போடு ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து மறு சோதனை. அதிலும் இறங்கவில்லை என்றால் இனி அவர் பஸ் ஓட்டவே முடியாது. இப்போதைக்குப் பணிமனை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள், வருகிற வண்டிக்குக் குறுக்குக் கம்பியைத் தூக்கிவிடுகிற வேலை. மற்ற டிரைவர்கள் கை காட்டினால் அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்கிறாராம். உன் தம்பி பார்த்துவிட்டு வந்து சொன்னான், அன்றைக்கு அவனும் சரியாகச் சாப்பிடவில்லை.

டீயில் சர்க்கரையை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறதே, எங்கிருந்து ஏறியது என்று எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. தூரத்து ட்ரிப்பில் மத்தியானம் கண்ணைச் சொருகுகிறது என்று அவர் சொன்னபோது நான் உன்னைத்தானே கேட்டேன்? உங்க கம்பெனி பால் சாக்லேட் குடுக்கலாமாடி என்று. நீ என்ன சொன்னாய்? உறைக்குப் பின்னாடி சர்க்கரைன்னு போட்டிருக்கற இடத்தைப் பாரும்மா, பத்துக்குக் கீழ இருந்தா பயப்படாத, நம்மது எட்டுதான், அந்தப் பின்பக்கம் முழுக்க என் வேலைதான் என்றாய். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். எட்டு கிராம். முன்பக்கத்தில் வேறு டம்ளர் டம்ளராகப் பால் ஊற்றுகிற படம். தினமும் ஒன்று அவர் பையில் எடுத்து வைத்தேன்.

போன வாரம் ரத்தம் எடுக்கிற நர்ஸ், அவர் என்னென்ன சாப்பிடுகிறார் என்று என்னிடம் தனியாகக் கேட்டாள். சாக்லேட் என்றதும் நிமிர்ந்து பார்த்தாள். என் கைப்பையில் ஒன்று இருந்தது, பெருமையாக எடுத்து நீட்டினேன், எட்டுதாம்மா, பாரு, எம்பொண்ணு போட்ட கணக்கு என்று. அவள் அந்த எட்டுக்கு மேலே எறும்பு மாதிரி இருந்த ஒரு வரியில் விரலை வைத்தாள். ஒரு முறைக்கு மூன்று கட்டம் என்று போட்டிருந்தது. பிறகு உறையைப் பிரித்துக் கட்டங்களை எண்ணினாள், பதினெட்டு. எட்டு இல்லம்மா, ஆறு எட்டு நாப்பத்தெட்டு கிராம், பன்னெண்டு ஸ்பூன் சர்க்கரை, இதையா தெனமும் குடுத்தீங்க என்றாள். பால் இருக்கே என்றேன், அசடு மாதிரி. என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு போடற இடத்துல எது அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதுவாங்க, முதல்ல என்ன இருக்கு பாருங்க என்றாள். சர்க்கரைதான் இருந்தது. பால் தூள் வால் மாதிரி பின்னால் வந்தது. எனக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் என்றிருந்தது.

அதுவரைக்கும்கூட நீ ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து துணி காயப்போட மாடிக்குப் போனேனா, அங்கேதான் பொறி தட்டியது. போன தடவை நீ வந்திருந்தபோது அதே மாடியில் நின்று கூட வேலை செய்கிறவளோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாய். ஆறு கட்டம்னு இருந்ததை மூணாக்கினேன், பதினாறு எட்டாயிடுச்சு, ஆபீஸ் பெரியவர் கூப்பிட்டுக் கை குடுத்தார் என்று. நான் ஈரத் துணியும் கையுமாக நின்று கேட்டேன், சர்க்கரையைப் பாதியாக் குறைச்சுட்டீங்களாடி என்று. நீ என்னைப் பார்த்தாய். ஒரு நொடி பார்த்தாய். அப்புறம், அப்படித்தான் வெச்சுக்கோயேம்மா என்றாய். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன், உன் பதவி உயர்வுக்குத் தெரு முழுக்க அந்தச் சாக்லேட்டையே கொடுத்தேன். நீ குறைத்தது சர்க்கரையை இல்லை, கட்டத்தை. அடிப்பாவி, மூன்று கட்டம் தின்றுவிட்டு மீதியை மடித்து வைக்கிற மனுஷனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? சின்ன வயதில் நீயே முழுசையும் தின்றுவிட்டு உறையை நக்குவாய். யாரோ முகம் தெரியாதவள் எழுதியிருந்தால், படிக்கத் தெரியாமல் ஏமாந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பேன். நீ எழுதினாய் என்பதற்காகத்தானே நான் அதற்கு மேல் வரியைப் படிக்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏமாற்றினாள் என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவேன்.

அப்பாவுக்கு இதெதுவும் தெரியாது. அவர் சோற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டார். தட்டில் கைப்பிடி போட்டாலே போதும் போதும் என்று எழுந்துவிடுகிறார், சட்டை தோளில் தொங்குகிறது, இரண்டு சட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். சாக்லேட்டை மட்டும் கேட்கிறார். நர்ஸ் என்னவோ சொல்றாளே என்று மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தேன், அவளுக்கென்ன தெரியும், எம்பொண்ணு எழுதினது தப்பா இருக்குமா என்று என் வாயை அடைத்துவிட்டார். கடையில் சரக்கு வரவில்லை என்று தினமும் பொய் சொல்கிறேன், உனக்காக. எத்தனை நாளைக்கு ஓடும் இது? வாசலில் உட்கார்ந்திருக்கிறவர் எதிர்க் கடைக்கு ஒரு ஆளை அனுப்பினால் முடிந்தது.

வண்டியை ஒப்படைத்த அன்று முதுகுக்கு வைக்கிற சின்னத் தலையணை, தண்ணீர் பாட்டில், ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த ஒரு சாக்லேட் உறை, இவ்வளவையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உறையைப் பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தாராம். முன்பக்கம் அழகா இருக்கே என்று யாராவது கேட்டால், அது யாரோ வரைஞ்ச படம், இந்தப் பக்கந்தான் எம்பொண்ணு என்பாராம். இப்போது அதை நம் அலமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார். காலையில் அதைப் பார்த்துக்கொண்டேதான் தலை வாருகிறார்.

நான் சொல்ல மாட்டேன். என்னால் முடியாது, நான் சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை. எட்டுதான் என்று சொன்ன உன் வாயால் நீயே சொல்.

அங்கே குளிர் அதிகம் என்றாய், காலுறை போட்டுக்கொண்டு தூங்கு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. எத்தனை கோபம் இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். அவர்தான் எடுப்பார். அம்மாகிட்ட குடுங்க என்று சொல்லாதே.

இப்படிக்கு,
தினம் ஒன்றைத் தன் கையாலேயே எடுத்து வைத்த
உன் அம்மா